மேகத்துக்கு யார் ஈடு இறக்கினார்கள்

கூம்பாறை மலைச் சாலையில் நான் ஓட்டிய வண்டிக்கு எஞ்சின் கிடையாது. எனக்குத் தொப்பை உண்டு. வண்டியை நகர்த்தியது தொப்பைதான். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் எல்லோரும் சமவெளிக்காரர்கள். தரை தட்டையாக இருக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு எடையின் அருமை தெரியாது.

பழைய சாலை ஒரு ஐப்பசி மழையில் மொத்தமாக மலையை விட்டு இறங்கிப் போய்விட்டது. லாரியும் பஸ்ஸும் உறுமி உறுமி மலையின் மூட்டெல்லாம் விட்டுப்போயிருக்கிறது, இனி எஞ்சின் அதிர்ச்சியை இந்த மலை தாங்காது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொன்னார்கள். அப்புறம்தான் ஒரு கம்பெனி வந்து புதுச் சாலை போட்டது. பார்க்கச் சாதாரணத் தார்ச் சாலை மாதிரிதான் இருக்கும். அதன் வயிற்றுக்குள் காந்தக் கம்பி ஓடியது. மேலிருந்து இறங்குகிற வண்டியின் எடை இழுக்கிற இழுப்பைக் கம்பி வாங்கி, கீழிருந்து ஏறுகிற வண்டிக்குக் கொடுத்துவிடும். ஒரு மூட்டை ஏற வேண்டுமென்றால் ஒரு மூட்டை இறங்க வேண்டும். இறங்குகிற அந்த எடைக்கு ஈடு என்று பெயர். பெட்ரோல் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை.

அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது தூக்கத்தில் நடப்பது மாதிரி. கைக்கு ஸ்டீயரிங், காலுக்கு பிரேக், மற்றதை மலை பார்த்துக்கொள்ளும். மேகம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகும். ஒரு வளைவில் பாசி வாசனை, அடுத்த வளைவில் தைல மர வாசனை. சோலை மரங்களிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். கீழே பள்ளத்தாக்கு தெரியும், தெரியாமல் போகும், மறுபடி தெரியும்போது வேறு இடத்தில் இருக்கும். ஒருமுறை நான் இரண்டு வளைவு நிஜமாகவே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் வண்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியிடம் இதைச் சொல்லவில்லை. ஆள் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

குண்டானவர்கள் இறங்கு வண்டிக்கும் ஒல்லியானவர்கள் ஏறு வண்டிக்கும் டிரைவர்கள். எனக்குக் கம்பெனி நெய் கொடுத்தது. என் சிநேகிதன் சன்னாசி ஏறு வண்டிக்காரன். அவனுக்குச் சுரைக்காய்தான் கொடுத்தார்கள். பாதி வழியில் குறுக்குப் பாறை வளைவில் இரண்டு வண்டியும் சந்திக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்பது எஞ்சின் காலத்து மலைப் பழக்கம். இந்தச் சாலையில் அதற்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனாலும் நான் ஒதுங்குவேன், சன்னாசி கையைத் தூக்குவான்.

"என்னண்ணே, நெய் வாசன இங்கவரைக்கும் வருது."

"உனக்கு அதாவது கெடைக்கட்டும்டா."

சாயங்காலம் கேரட் மூட்டைகளை ஈடாக இறக்கி என்னை மேலே ஏற்றுவார்கள். என்னை ஏற்றுவதும் ஒரு பீரோவை ஏற்றுவதும் ஒன்றுதான் என்று கம்பெனியில் ஒருத்தர் சொன்னார். பீரோவை ஏற்றினால் அதற்குள் துணியாவது வைக்கலாம் என்றும் சொன்னார்.

முதல் இரண்டு வருடம் ஊருக்கே கொண்டாட்டம். சுற்றுலா வந்தவர்கள் வெறும் பையோடு ஏறினார்கள். பூண்டும் பிளம்ஸும் தேன் பாட்டிலுமாக இறங்கினார்கள். ஈடு மிஞ்சியது. மிஞ்சின ஈட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா ஏறி இறங்கி விளையாடின.

பிறகு வந்தவர்கள் திரும்பிப் போகாதவர்கள். குளிர் பிடித்துப்போய் வீடு கட்டினார்கள். வீடென்றால் சிமெண்ட், பளிங்கு, தேக்கு. ஒருத்தர் பியானோ ஏற்றினார். இன்னொருத்தர் தோட்டத்தில் வைத்து அழகு பார்ப்பதற்காக மலைக்கு ஒரு பாறையை ஏற்றினார். எல்லாம் ஏறியது, இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. கம்பெனி முதலில் கல்லை இறக்கியது. அப்புறம் மண்ணை, அப்புறம் மரத்தை, ஏரித் தண்ணீரைக்கூட டேங்கில் இறக்கியது. அளக்க வந்த சர்வேயர் மலை கொஞ்சம் குட்டையாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, தன் கருவிமேல் சந்தேகப்பட்டுத் திரும்பிப் போனார்.

கல்லும் மண்ணும் தண்ணீரும் கம்பெனியுடையது. பூண்டின் எடை பூண்டோடு சேர்த்து வியாபாரிக்குப் போய்விடும். கடைசியில் மலைமேல் எடையோடு மிஞ்சினது ஊர்க்காரர்கள்தான். கம்பெனி ஆட்கள் கும்பிட்டுக்கொண்டே வீடு வீடாக வந்தார்கள். அடிவாரத்தில், தோப்படியில், வீடு தருகிறோம், இறங்குங்கள் என்றார்கள். ஒரு குடும்பம் இறங்கினால் ஒரு சமையலறை ஏறும்.

இறங்கினவர்கள் என் வண்டியில்தான் இறங்கினார்கள். வழியில் பேசமாட்டார்கள். குறுக்குப் பாறை வந்ததும் மட்டும், தங்களுக்கு ஈடாக ஏறிப்போவது என்ன என்று எட்டிப் பார்ப்பார்கள். கொத்தனார் பெரியகருப்பனுக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஈடாக ஒரு மேஜை ஏறியது. பெரியகருப்பன் வளைவு மறையும்வரை அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "நல்ல மேசதான்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் பவளக்கொடி பிரசவத்துக்கு இறங்கினாள்.

அவள் கூம்பாறைக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவன் சோலையப்பன் பூண்டு போடுகிறவன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம், தாய் வீடு தோப்படியில். வளைகாப்பு முடிந்து வயிறும் வளையலும் பலகாரத் தூக்குமாக என் வண்டியில் ஏறினாள். வண்டி அன்றைக்கு என்னவோ மிதப்பு மிதந்து போயிற்று. பெண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அம்மா ஒச்சம்மாளும் கூட வர, அடிவாரக் கேட்டுக்கு வந்தாள்.

கேட்டில் ஜெபக்குமார் என்று ஒரு அதிகாரி. நல்ல மனிதர், அவருக்குப் பொய் சொல்ல வராது, அதுதான் அவரிடம் கஷ்டம்.

"உங்களுக்கு ஈடு இல்லையேம்மா" என்றார்.

"நான்தான் இறங்கியிருக்கேன்ல சார்" என்றாள் பவளம். "பிள்ளையையும் சேத்துத்தான் இறங்குனேன். இப்ப நாங்க ரெண்டு பேரும் சேந்தாலும் அன்னைக்கு இருந்ததுக்குக் கொறச்சல்தான்."

"அது அன்னைக்கே செலவாயிருச்சும்மா. இறங்குன எடைய எடுத்து வைக்க முடியாது. அன்னன்னைக்கே யாராச்சும் ஏறிரணும்."

ஒச்சம்மாள் கேட்டாள். "எதுக்குச் செலவாச்சு?"

ஜெபக்குமார் திரையைத் தட்டிப் பார்த்தார். "குளிக்கிற தொட்டிக்கு."

ஒச்சம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஏய்யா வீரணா, நீதான இந்த வண்டி ஓட்டுற. இந்தாளு என்னய்யா சொல்றாரு?"

"கோயில்ல துலாபாரம் பாத்திருக்கீகள்ல ஆத்தா. ஒரு தட்டுல பிள்ள, ஒரு தட்டுல வாழப்பழம். அது மாதிரி."

"அதுல சாமிக்குப் பழம் கெடைக்கும். இதுல எம் மகள இறக்கி எவனோ குளிச்சிக்கிட்டு இருக்கான். இதுவும் அதுவும் ஒண்ணா?"

ஜெபக்குமார் மெதுவாகச் சொன்னார். "ஒரு வழி இருக்கும்மா. உங்க மருமகன் இறங்கினா, உங்க மகளும் பேத்தியும் தாராளமா ஏறலாம்."

"மருமகன் கீழ, மக மேலயா? இதுக்கா மொய் வச்சுக் கல்யாணம் பண்ணோம்? வாடி, நடந்தே போயிருவோம்."

"யானைக் காடும்மா. ரெண்டு நாள் நடை. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு விடமாட்டேன்."

அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பவளம் காத்திருப்போர் வரிசையில் சேர்ந்தாள். சொந்தமாக ஈடு வைத்திருக்கிறவர்கள் முன்னால் போவார்கள்; மீதி இருந்தால்தான் அவளுக்கு. மீதி இருந்ததே இல்லை. நான் இறங்கி வரும்போதெல்லாம் கேட் ஓரம் புளியமரத்தடியில் பிள்ளையோடு நிற்பாள். பிள்ளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தொடையில் மடிப்பு, கையில் மடிப்பு. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும். அவள் முகம் மட்டும் வாடிக்கொண்டு வந்தது.

"பால் குடுக்கையில மனசு கெடந்து அடிச்சுக்குதுண்ணே" என்றாள் ஒருநாள். "குடிக்கக் குடிக்கக் கனம் கூடுதே. தேறத் தேற வீட்டுக்குப் போறது தள்ளிப் போகுது. எந்தத் தாயாச்சும் பிள்ள தேறுதேன்னு பயப்படுவாளா?"

மேலே சோலையப்பன் தினமும் போனில் பிள்ளையைப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னிடம் வந்து நிற்பான். "மூஞ்சி தெரியுதுண்ணே. சிரிக்கிறது தெரியுது. கனம் தெரியலையே." வெறும் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவான், பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பதுபோல.

கம்பெனி ஆள் அவன் வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் சோலையப்பன் சொன்னான். "வர்ற வாரம் நான் இறங்கிர்றேண்ணே. பூண்டு வாடுனா வாடட்டும். அதுக ரெண்டும் மேல வந்து வீட்டுல இருக்கட்டும். குறுக்குப் பாறையில ரெண்டு வண்டியும் பக்கத்துல வருமில்ல, அப்பப் பாத்துக்கிறேன்."

"எவ்வளவு நேரம்டா பாப்ப?"

"நீங்க கொஞ்சம் பிரேக்க மிதிச்சீங்கன்னா."

இதை அவன் அக்கா செவந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். வேலியில் கிடந்த கம்பளியை இழுத்துக்கொண்டிருந்தாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கூம்பாறையில் துணி காயாது. காலையில் போட்ட துணி மறுநாள் இன்னும் கொஞ்சம் ஈரமாகக் கிடைக்கும். என் கல்யாண வேட்டி அன்றுவரை காய்ந்ததில்லை. வெளியே மறந்துபோன கம்பளியை எடுக்க இரண்டு ஆள் வேண்டும்.

"இந்தா புடிடா தம்பி" என்றாள் செவந்தி. "கல்லு மாதிரி கனக்குது." அப்புறம் அவளே நின்றுவிட்டாள். "வீரணண்ணே, இந்த ஈரம் எங்கேருந்து வந்துச்சு?"

"மேகத்துல இருந்து."

"மேகம்?"

"கடல்ல இருந்து வருதுன்னு சொல்றாக."

"கடல் கீழதான இருக்கு. அம்புட்டுத் தண்ணி மேல ஏறி வந்துச்சே, அதுக்கு யாரு ஈடு இறக்குனா?"

நானும் சோலையப்பனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். நான் அத்தனை வருடமாக எடையை ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவன். எனக்கு இது தோன்றியதே இல்லை. கம்பெனிக்கும் தோன்றவில்லை. கல்லைக் கேட்டார்கள், மண்ணைக் கேட்டார்கள், ஏரியைக் கேட்டார்கள். கம்பளியை யாரும் கேட்கவில்லை.

அன்று ஊரில் மிச்சமிருந்த எல்லா வீட்டுக் கம்பளியும் வேலியில் ஏறியது. மேகம் ஊருக்குள் வந்து அவற்றின்மேல் படுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஒவ்வொன்றையும் பிணத்தைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து என் வண்டியில் அடுக்கினார்கள். வண்டி டயர் அமுங்கியது. ஜெபக்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார்போல. தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கம்பளி கூடாதுன்னு எங்கயும் போடலண்ணே" என்றார். கீழே பவளமும் பிள்ளையும் சன்னாசியின் வண்டியில் ஏறினார்கள்.

அந்த மாதிரி ஒரு இறக்கத்தை நான் பார்த்ததில்லை. மேகத்துக்குள் மேகத்தை ஏற்றிக்கொண்டு போகிறேன். பின்னால் கம்பளிகள் மெதுவாகச் சொட்டுகின்றன, வெளியே மரங்கள் சொட்டுகின்றன, எது உள்ளே எது வெளியே என்று காதுக்குத் தெரியவில்லை. ஆட்டு வாசனை, புகை வாசனை, ஊரில் உள்ள ஒவ்வொருத்தர் வாசனையும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. குறுக்குப் பாறையில் ஒதுங்கி நின்றேன். கீழிருந்து சன்னாசியின் வண்டி நீரிலிருந்து எழும்புகிற மாதிரி வந்தது. ஜன்னலில் பவளம். அவளைச் சுற்றித் தாய் வீட்டுச் சீர்: பித்தளைக் குடம், தொட்டில், அரிசி மூட்டை, உரல்கூட இருந்தது. ஒச்சம்மாள் எதையும் விட்டுவைக்கவில்லை.

"உள்ள என்னண்ணே?"

"உன் ஊரே வருது தாயி, உன்னத் தூக்கி விட."

பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடியில் காட்டினாள். பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஏறிப் போனார்கள்.

நான் இன்னும் நாலைந்து வளைவு இறங்கினேன். மேகம் முடிந்தது. வெயில் வந்தது. ஈர வாடை தாங்காமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். வெதுவெதுப்பான காற்று, கீழே வாழைத் தோட்டமெல்லாம் பளபளவென்று, பாட்டுப் பாடலாம் போல இருந்தது. பாடினேன். வண்டி கொஞ்சம் மெதுவானது. இரண்டாவது பாட்டில் இன்னும் மெதுவானது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கம்பளிகளிலிருந்து ஆவி கிளம்பி ஜன்னல் வழியாக ஒழுங்காக வரிசையில் வெளியே போய், மேல் நோக்கி, வந்த ஊருக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வண்டி நின்றது.

போன் அடித்தது. சன்னாசி. "அண்ணே, வண்டி நின்னுருச்சு."

"எங்கடா நிக்கிற?"

"மேகத்துக்குள்ள. எந்த வளைவுன்னு தெரியல. பாசி வாசன வருது."

"கம்பளி காஞ்சிருச்சுடா."

சன்னாசி கூம்பாறையிலேயே பிறந்தவன். "காஞ்சிருச்சுன்னா?" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்குத் தெரிந்தவரை ஈரம் என்பது கம்பளியின் குணம். எங்கள் ஊரில் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லை. மேகத்தை எடை போட்டவர்கள் வெயிலை மறந்துபோனோம்.

நான் நின்ற இடம் மொட்டைப் பாறை. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. யோசித்துப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். வண்டிக்குள் இருந்த சோறு வயிற்றுக்குள் போனதில் எடை ஒன்றும் மாறவில்லை, பசிதான் மாறியது. அப்போது குரங்குகள் வந்தன. தூக்குச் சட்டியில் மிச்சமிருந்த வெல்லமும் பொரிகடலையும் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கொட்டினேன். குட்டிகளும் தாய்களும் கிழடுகளுமாக ஏறி, காய்ந்த கம்பளிமேல் வசதியாக உட்கார்ந்தன. வண்டி நகர்ந்தது. மூன்று வளைவு நல்லபடியாக இறங்கினோம். ஒரு பெரிய குரங்கு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தது. அதற்கு முன் அது தன் ஊரை அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை என்று தெரிந்தது. பொரிகடலை தீர்ந்ததும் எல்லாம் இறங்கிப் போய்விட்டன. வண்டி மறுபடி நின்றது.

மேலே பவளம் சீரை இறக்க ஆரம்பித்திருந்தாள். போனைச் சன்னாசி வைக்கவில்லை, எனக்கு எல்லாம் கேட்டது. உரல் விழுந்த சத்தம். வண்டி கொஞ்சம் ஏறியது. அரிசி மூட்டை. இன்னும் கொஞ்சம். பித்தளைக் குடம் உருண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. தொட்டிலைப் போடும்போது கொஞ்சம் தயங்கினாள் என்று சன்னாசி பிறகு சொன்னான். தொட்டிலும் போயிற்று. அதோடு நின்றது. இனி வண்டியில் அவளும் பிள்ளையும்தான்.

"இன்னும் எம்புட்டு இருக்குண்ணே?" பவளத்தின் குரல்.

"மூணு நாலு வளைவு இருக்கும் தங்கச்சி" என்றான் சன்னாசி.

"இங்க யானை வருமா?"

"இந்தக் குளுருக்கு யானை வராது. ஆனா இந்த ரோட்டுல யாரும் நடந்ததில்லையே."

"பிள்ளையத் தூக்க ரோட்டுக்குத்தான ஈடு வேணும்" என்றாள் அவள். "எனக்கு வேணாம். நான் தூக்கிக்கிறேன்."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடி. பிறகு சொட்டுகிற மரங்கள் மட்டும்.

அவள் இறங்கிய அடுத்த நொடி இரண்டு வண்டியும் கிளம்பிவிட்டன. ஒல்லிச் சன்னாசியை ஏற்ற என் தொப்பையும் காய்ந்த கம்பளியும் போதும். அவன் வண்டி அவளைத் தாண்டி மேகத்துக்குள் போய்விட்டது. அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையாம். காலுக்கடியில் சாலை மேடாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறாள். பிள்ளை குளிருக்கு அழ ஆரம்பித்தது. மேலே சாலை முனையில் நின்றுகொண்டிருந்த சோலையப்பனுக்கு அந்த அழுகை கேட்டது. மேகத்தில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. அவன் ஓடி வந்தான். எதிரில் ஏதோ நிழலாடியது. பிள்ளையைத்தான் முதலில் வாங்கினான்.

"யம்மா, என்னா கனம்" என்றான். ஊருக்குப் போகும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனானாம்.

நான் அடிவாரக் கேட்டில் போய் நின்றேன். எடை போடுவது அங்கே போய்ச் சேரும்போதுதான். ஆரம்பத்தில் கிளம்பும்போதே போட்டார்கள். சமவெளிக்காரர்கள் வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து, ஏறின எடையும் சேர்ந்த எடையும் ஒத்துப்போகவில்லை. அதனால் சேருமிடத்தில் மட்டும் போட்டால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். ஜெபக்குமார் என்னையும் கம்பளிகளையும் நிறுத்தார். பிறகு மேல் முனையிலிருந்து வந்த கணக்கைத் திரையில் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"வீரணண்ணே, மேல காலி வண்டிதான் போய்ச் சேந்திருக்கு. சன்னாசி மட்டும்."

"அப்படியா சார்."

"காலையில அந்தப் பொண்ணு கைப்பிள்ளையோட..."

"எந்தப் பொண்ணு சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பொய் சொல்ல வராத மனிதர் என்று சொன்னேனல்லவா. வேர்த்து வழிந்தது. கடைசியில், "மெஷின் யாரும் ஏறலைன்னு சொல்லுது" என்றார். "மெஷின் சொல்றதத்தான் நான் எழுதணும்."

பவளக்கொடியும் மகளும் இன்றுவரை தோப்படியில் வரிசையில் காத்திருப்பதாகத்தான் கம்பெனியில் இருக்கிறது. கம்பெனி ஆள் ஒருநாள் பிள்ளைச் சத்தம் கேட்டுச் சோலையப்பன் வீட்டுக்கு வந்தார், மூன்று பேரையும் சேர்த்து இறக்கப் பேசலாம் என்று. கைக்கருவியைப் பார்த்தார், வீட்டில் ஒருத்தன் என்றுதான் இருந்தது. பவளம் டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். பிள்ளை அவர் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பேரையும் பார்த்தார், கருவியைப் பார்த்தார். கீழே இருக்கிறவர்களை எப்படி இறக்குவது? டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் இறங்கிப் போனவர்களும் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். ஈரக் கம்பளி இறங்கும். அது காய்கிற வரைக்கும் வண்டி ஏறும். மேகத்துக்குள் நின்றதும் இறங்கி நடப்பார்கள். பெரியகருப்பன் குடும்பம் வந்தது. தன் பழைய வீட்டில் வேறு யாரோ இருந்ததால் பக்கத்தில் ஒன்று கட்டிக்கொண்டார். அந்த வீடும் கணக்கில் இல்லை. இதில் கஷ்டம் இல்லாமல் இல்லை. கணக்கில் இல்லாதவர்களுக்கு ரேஷன் இல்லை, ஓட்டு இல்லை. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் உங்கள் ஊர் தோப்படி ஆயிற்றே என்பார்கள். பெரியகருப்பனின் மனைவி போன மாசியில் செத்துப்போனாள். அவள் தோப்படியில் உயிரோடு இருப்பதாகக் கம்பெனியிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து வருகிறது. அவர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்.

எனக்கு வயதாகி, நெய்யையும் நிறுத்தி, வேலையையும் நிறுத்தி, தோப்படியில் ஒரு வீட்டைக் கொடுத்தார்கள். காற்றாடிக்கடியில் இரண்டு கோடை இருந்து பார்த்தேன். கல்யாண வேட்டி காய்ந்துவிட்டது, என் மனைவி பேச்சியம்மாளுக்கே அது என் வேட்டிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது கோடையில் நானும் அவளும் கம்பளிக்கு ஈடாகக் கிளம்பினோம். மேகத்துக்குள் இறங்கி, மூச்சு வாங்கி, உட்கார்ந்து, நடந்து வந்து சேர்ந்தோம். அவளுக்கு என்னைத் தள்ளித் தள்ளியே கை வலித்துவிட்டது.

போன வாரம் மத்தியானம். மேகம் நன்றாகக் கட்டியிருந்தது. டீக்கடை வாசலில் நான், சன்னாசி, பெரியகருப்பன், பவளத்தின் மகள். அவளுக்கு இப்போது ஐந்து வயது, ஓடி வந்து என் தொப்பையில் மோதி விழுகிறாள். சாலைப் பக்கமிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, காலால் மேட்டைத் தடவித் தடவி ஒருத்தர் வந்து நின்றார். கண்ணாடி முழுக்க ஈரம். எங்களைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதுதான் தெரிந்தது, ஜெபக்குமார்.

எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் மேகத்தைப் பார்த்துக் கேட்டார். "இங்க யாராச்சும் இருக்கீங்களா?"

சன்னாசி என்னைப் பார்த்தான்.

"யாரும் இல்ல சார்" என்றேன். "வாங்க, டீ சாப்பிடலாம்."